நடக்கிறதுக்கு எதுக்கு முட்டை?

அந்த மிக்ஸிய மடியிலயே வச்சிருக்கீங்களே அக்கா, கால் மரத்துப் போகாதா? கீழ வைங்க. யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. ரயில்வே கேட்டு அடைச்சு பஸ்ஸே நிக்குது, தூக்கினவன் மட்டும் எங்க போயிருவான்?

எனக்கு அவசரமா? சேச்சே. எனக்கு ஒரு அவசரமும் இல்ல. கேட்டு சாயங்காலம் வரைக்கும் அடைச்சே கிடந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். நெசமாத்தான் சொல்லுதேன். நான் எப்பவும் உள்ளதத்தான் சொல்லுவேன். அதனாலதான் என்ன யாருக்கும் ஆகாது. பிளஸ் டூ படிக்கையில எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் ஆண்டு விழாவுல பாட்டுப் பாடினாங்க. எப்படி இருந்துச்சு இசக்கிப்பிரியான்னு என்கிட்டயே வந்து கேட்டாங்க. கேட்டதுனாலதானே சொன்னேன்? அதுக்குப் போயி ஒருத்தங்க அழுவாங்களா?

காலா? ஆட்டிக்கிட்டா இருக்கேன்? ஐயோ, மிக்ஸில இடிக்குதா. அது தன்னால ஆடும் அக்கா, கண்டுக்காதீங்க. சும்மா உக்காரச் சொன்னா அதுக்குப் பிடிக்காது.

பையில ஷூ இருக்கு. அப்புறம் ஒரு முட்டை. அவிச்ச முட்டைதான். இந்தாங்க, இத நீங்க வச்சுக்கோங்க. வீட்ல பையன் இருக்கான்னு சொன்னீங்கல்ல, அவனுக்குக் குடுங்க. நான் சாப்பிடப் போறதில்ல. அந்த முட்டைய சாப்பிட்டா அதுக்கு நடக்கணும். நான் நடக்கப் போறதில்ல. புரியலயா? முதல்லருந்து சொன்னாத்தான் புரியும். முட்டைய அந்த மிக்ஸி ஜாருக்குள்ள போட்டு வைங்க, உருண்டுறப் போகுது.

எங்க காலேஜ்ல வாலிபால்னா சாமி மாதிரி. செயலாளர் ஐயாவோட அப்பா பேர்ல வருஷா வருஷம் ஒரு டோர்னமெண்ட் நடக்கும். ஊரு பூரா டியூப் லைட்டு, நகைக்கடைக்காரங்க வச்ச ஆர்ச்சு, டிக்கெட்டு, அப்பளக்கடை, பஞ்சுமிட்டாய்க்கடை. கலெக்‌ஷன் அள்ளும். மேடையில ஐயா சால்வை போட்டு முடிக்கவே ராத்திரி ஆகிரும். அதனால வாலிபால் டீமுக்கு காலேஜ் பஸ்ஸு, முதுகுல பேர் போட்ட நீலப் பனியன், பிராக்டிஸ் முடிஞ்சதும் ஆளுக்கு ரெண்டு முட்டை. மத்த விளையாட்டெல்லாம் இருந்துச்சு, கோ-கோ, பூப்பந்து, டேபிள் டென்னிஸ், செஸ்ஸுன்னு. அவங்களுக்கு சுண்டல். அதுவும் கேன்டீன்ல நேத்து மிஞ்சின சுண்டல். அவங்க பேரே சுண்டல் டீம்தான். கோ-கோ கம்பத்துல கயிறு கட்டி வாலிபால் பையன்க பனியன் காயப்போடுவானுங்க. டேபிள் டென்னிஸ் டேபிள்ல சீஃப் கெஸ்ட்டுக்கு இலை போட்டு சாப்பாடு பரிமாறுவாங்க. டேபிளுக்கு நடுவுல சாம்பார் கறை இப்பவும் இருக்கு. பந்து அதுல பட்டா சறுக்குது.

நான் காலேஜ்ல சேர்ந்ததே வாலிபாலுக்காகத்தான். அந்த நீலப் பனியனுக்காக. உள்ளதச் சொல்லணும்ல, முட்டைக்காகவும்தான்.

செலக்‌ஷனுக்குப் போனேன். ஸ்டான்லி சார்னு கோச்சு, பையன்க டீம், பொண்ணுங்க டீம் ரெண்டுக்கும் அவருதான். என்ன ஏற இறங்கப் பாத்தாரு. ஏறல, இறங்கத்தான் பாத்தாரு, நான் இம்புட்டுதானே இருக்கேன். "தாயி, வலைக்கு மேல உன் கை தெரியுமா?"ன்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நான், "உங்க தலைக்கு மேல முடி தெரியுமா சார்?"னு கேட்டேன். அதுக்கு ஒருத்தரும் சிரிக்கல. வெளிய போன்னுட்டாரு.

வந்துச்சு பாருங்க கோவம். அழுகைய அடக்கிக்கிட்டு கிரவுண்டுக்குக் குறுக்க விறுவிறுன்னு நடக்கேன். பின்னாலருந்து ஒரு பொம்பளக் குரல், "ஏ பிள்ள, நில்லு, நில்லு!"ங்குது. நான் எதுக்கு நிக்கணும்? நிக்கல. மெயின் கேட்டுகிட்ட வந்து திரும்பிப் பாத்தா ஒரு மேடம், கையில டீ கிளாசு. டீ பூரா சேலையில. மூச்சு வாங்குது அவங்களுக்கு.

"நீ ஓடுதியா, நடக்கியா?"ன்னு கேட்டாங்க.

"பாத்தா தெரியலயா? நடக்கேன்."

"நான் ஓடிட்டு வாரேன் பிள்ள. உன்னப் பிடிக்க முடியல."

அதான் பிளாரன்ஸ் மேடம். புது பி.டி. காலேஜ்ல விளையாட்டுக்கெல்லாம் பொறுப்பு அவங்கதான், ஸ்டான்லி சாருக்கும் மேல. அன்னைக்குத்தான் வேலைக்கு வந்திருக்காங்க, அவங்க வாங்கின முதல் டீய நான் கொட்ட வச்சிட்டேன். நான் அழுதுட்டு நிக்கேன், என் பேரு என்ன, எந்த மேஜருன்னு கேட்டாங்க. ஏதோ ஆறுதல் சொல்லப்போறாங்கன்னு நெனச்சேன். மறுநாள் போர்டுல பாத்தா, 'நடைப் போட்டி, பெண்கள்: இசக்கிப்பிரியா, முதலாமாண்டு வணிகவியல்'னு போட்டிருக்கு. ஒருத்தி கோவத்துல நடந்தத ஒரு திறமைன்னு எடுத்துக்கிட்டாங்க அக்கா! உங்க வீட்டுக்காரரோட சண்டை போட்டுட்டு நீங்க அம்மா வீட்டுக்கு நடந்திருப்பீங்கல்ல? அதுக்கு யாராவது மெடல் குடுத்தாங்களா?

நடைப் போட்டி பாத்திருக்கீங்களா? யாருமே பாத்திருக்க மாட்டாங்க. எப்பவும் ஒரு கால் தரையில இருக்கணும். முன்னால வைக்கிற கால் முட்டி மடங்கக் கூடாது. ஓடவும் கூடாது, ஆனா ஓடுறவங்க கணக்கா வேகமா போகணும். அப்போ என்ன ஆகும், இடுப்பு ஆடும். வழியெல்லாம் ஜட்ஜுங்க நிப்பாங்க, காலையே பாத்துக்கிட்டு. ரெண்டு காலும் காத்துல இருந்தா மஞ்சள் மட்டைய ஆட்டி எச்சரிப்பாங்க. அதுக்கும் கேக்கலன்னா சிவப்பு அட்டை. மூணு ஜட்ஜு சிவப்பு எழுதிட்டா வெளிய. என்ன மாதிரி அவசரக்காரிக்கு இந்த விளையாட்டக் குடுத்தாங்க பாருங்க! சீக்கிரம் போ, ஆனா ஓடாதே. இதைவிட ஒரு சித்திரவதை உண்டா?

காலையில பைபாஸ் ரோட்டுலதான் பிராக்டிஸ். மேடம் ஸ்கூட்டில பின்னாலயே வருவாங்க. என் கால் லேசா தூக்கினாப் போதும், "தரை! தரை!"ன்னு கத்துவாங்க. ரோட்டுல போறவங்க எல்லாம் எதையோ கீழ போட்டுட்டோம்னு குனிஞ்சு பாப்பாங்க. ஆட்டோக்காரர் ஒருத்தர் தினமும் பக்கத்துல வந்து, "பஸ்ஸ விட்டுட்டியா பாப்பா, ஏறிக்கோ"ம்பாரு. பத்து நாள் வேண்டாம்னு சொன்னேன். அப்புறம் அவரே ஆட்டோவ ஓட்டிட்டே, "இன்னைக்கு நேத்தவிட வேகமாத்தான் போற"ன்னு சொல்ல ஆரம்பிச்சாரு. எங்க அம்மா பால் வாங்க வந்த இடத்துல பாத்துட்டு வீட்ல ஒரே ஆட்டம். "ஏட்டி, இப்படி இடுப்ப ஆட்டி நடந்தா உன்ன எவன் கட்டுவான்?"னாங்க. "என்னப் பிடிக்க முடிஞ்சவன் கட்டட்டும்"னேன். துடைப்பம் பறந்துச்சு.

முட்டைக்கு வாரேன்.

மேடம் வந்த முதல் வாரமே கேன்டீன் சேர்மக்கனி அண்ணன்கிட்ட சொல்லிட்டாங்க, நாளையிலருந்து விளையாடுற எல்லாருக்கும் முட்டைன்னு. நிர்வாகத்துல கேட்டா, கூடுதலா ஒரு முட்டைகூட தர மாட்டோம்னுட்டாங்க. சரின்னு இருக்கிற முட்டையவே ஆளுக்கு ஒண்ணுன்னு பிரிச்சுக் குடுத்துட்டாங்க. வாலிபால் பையன்க மூஞ்சிய பாக்கணுமே! பிறந்ததுலருந்து ரெண்டு முட்டை தின்னவனுங்க மாதிரி ஒண்ணைக் கையில வச்சுக்கிட்டு நிக்கானுங்க. எனக்கே பாவமா இருந்துச்சு. ஆனா சாப்பிட்டேன். சேர்மக்கனி அண்ணன் மட்டும் பழக்கம் விடாம எங்களுக்கு முட்டையோட சுண்டலும் குடுத்துருவாரு. வாலிபால்காரன் ஒருத்தன் சுண்டல் கேட்டு வந்தான். அண்ணன், "நீங்க சாமி டீமுல்லா தம்பி, சுண்டல் நாங்க உங்களுக்குப் படைக்கணும், நீங்க கேட்டு வாங்கக் கூடாது"ன்னுட்டாரு.

விஷயம் செயலாளர் ஐயாவுக்குப் போச்சு. நேரா கிரவுண்டுக்கே வந்துட்டாரு.

"ஏம்மா, கைதட்ட ஆளில்லாத விளையாட்டுக்கெல்லாம் எதுக்கு முட்டை?"ன்னு கேட்டாரு.

"கைதட்டினா குடுக்கலாமா ஐயா?"ன்னாங்க மேடம்.

அன்னையிலருந்து இவங்களே எல்லாத்துக்கும் போயி கைதட்ட ஆரம்பிச்சிட்டாங்க. மானமே போச்சு. பூப்பந்துக்குப் போயித் தட்டினாங்க, சரி. கோ-கோவுக்குத் தட்டினாங்க, சரி. செஸ்ஸுக்குப் போயி தட்டினாங்க பாருங்க! ஹால் பூரா ஊசி விழுந்தாக் கேக்கும். நம்ம பையன் பிரைட்சன் ஒரு குதிரைய வெட்டினான். இவங்க படபடன்னு தட்டிட்டாங்க. நடுவர் எந்திரிச்சு வந்து வெளிய அனுப்பிட்டாரு. அப்பவும் போகல. ஜன்னலுக்கு வெளிய நின்னு சத்தம் வராம தட்டுதாங்க. உள்ளங்கை ரெண்டும் பக்கத்துல வந்து நிக்கும், படாது. அதப் பாத்து பிரைட்சனுக்கு சிரிப்பு வந்து, அந்தச் சிரிப்புலயே ராணிய விட்டுட்டான்.

நான் ஜன்னல்கிட்டதான் நின்னேன். நான் எதுக்குப் போனேனா? மேடம் கூப்பிட்டாங்க, போனேன். ஒரே ஆளா நின்னு கைதட்டினா பாக்க அசிங்கமா இருக்குல்ல, அதுக்காக நானும் தட்டுவேன். அவ்வளவுதான். கோ-கோவுக்கும் அதுக்குத்தான் போனேன். பூப்பந்துக்கும்.

ஐயா சும்மா இருப்பாரா? அடுத்த தடவ வந்தப்போ என்னப் பாத்துட்டாரு. "இந்தப் பிள்ள என்ன விளையாடுது?"ன்னாரு. நடக்குதுன்னாங்க. "நடக்கிறதுக்கு எதுக்கு முட்டை? நானும்தான் சுகருக்காக தினமும் நடக்கேன். எனக்கு எவன் முட்டை குடுத்தான்?"

மேடம் அசரல. "நாளைக்குக் காலையில இவகூட ஒரு நாள் நடந்து பாருங்க ஐயா. நீங்க முந்திட்டா முட்டைய நிறுத்திரலாம்"னுட்டாங்க. என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல!

வந்துட்டாரு அக்கா. வெள்ளை வேட்டி, கேன்வாஸ் ஷூ, பின்னால அவரோட பி.ஏ. தண்ணி பாட்டில் பிடிச்சுக்கிட்டு. கிரவுண்டச் சுத்தணும். முதல் வளைவு வரைக்கும் மரியாதைக்காக பின்னாலயே போனேன். அப்புறம் என்னால முடியல. மெதுவா போனா எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். தாண்டிட்டேன். கொஞ்ச நேரத்துல மறுபடியும் அவர் முதுகு முன்னால தெரியுது. மறுபடியும் தாண்டினேன். மூணாவது தடவ தாண்டும்போது, "நில்லும்மா, உன்னப் பாத்தாத் தலை சுத்துது"ன்னு பெஞ்சுல உக்காந்துட்டாரு. பி.ஏ. அதுக்கு முந்தியே உக்காந்துட்டாரு.

பெஞ்சுல உக்காந்துக்கிட்டுத்தான் அந்த தீர்ப்பச் சொன்னாரு. "சரிம்மா பிளாரன்ஸ். இந்த ஒரு சீசன் பாக்கேன். இந்த சுண்டல் விளையாட்டெல்லாம் சேந்து யுனிவர்சிட்டி போட்டியில ஒரே ஒரு மெடல் கொண்டு வரட்டும், முட்டை, ஷூ எல்லாம் இருக்கட்டும். வரலன்னா அடுத்த வருஷம் வாலிபால் மட்டும்தான். மத்ததுக்கு டீமே வேண்டாம். சம்மதமா?" மேடம் சம்மதம்னுட்டாங்க. ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. நான்தான் அவசரக்காரின்னு பேரு எடுத்தவ!

அப்புறம் என்ன. ஒவ்வொண்ணா போச்சு. கோ-கோ பிள்ளைங்க டவுன் பஸ்ல போனாங்க, காலேஜ் பஸ்ஸு வாலிபாலுக்குப் போயிருச்சு. வழியெல்லாம் நின்னுட்டே போயி, இறங்கினதும் ஓடச் சொன்னா எவளால ஓட முடியும்? நல்லாத்தான் ஆடினாங்க. நான் பாத்தேனே. பூப்பந்து அன்னைக்கு ஒரே காத்து. கம்பளிப் பந்து, காத்து எங்க கொண்டு போகுதோ அங்க போகும். டேபிள் டென்னிஸ் செமி ஃபைனல்ல போச்சு, சாம்பார் கறை இல்லாத டேபிள்ல ஆடிப் பழக்கமில்லன்னு அந்தப் பிள்ளைங்க சொல்லுதுங்க. செஸ்ஸு கதைதான் உங்களுக்குத் தெரியும். இனி மிச்சம் இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. இன்னைக்கு நாலு மணிக்கு, பாளையங்கோட்டையில, பெண்கள் நடை.

ஆமா, நான்தான்.

ஏன் அப்படிப் பாக்கீங்க? சொல்லி முடிக்க விடுங்க.

முந்தாநாள் ஸ்டான்லி சார் என்னக் கூப்பிட்டு விட்டாரு. வாலிபால்ல லிபரோன்னு ஒரு ஆள் உண்டு. எதிர்ப்பக்கம் அடிக்கிற பந்து தரையில விழாம விழுந்து விழுந்து எடுத்துக் குடுக்கணும், அதுக்கு உயரம் வேண்டாம். அந்தப் பிள்ளைக்குக் கணுக்கால்ல அடி. "நீ நல்லா சுறுசுறுப்பா இருக்க. திங்கக்கிழமை வா. நீலப் பனியன் தாரேன்"னாரு. முதுகுல பேரு பெருசா வருமே, போட இடம் இருக்கான்னு என் முதுகப் பாத்து சிரிச்சாரு. "ஆனா ஒண்ணு. நடையில நீ மெடல் கிடல் வாங்கிட்டேன்னா யுனிவர்சிட்டி கேம்ப்புக்கு எடுத்துட்டுப் போயிருவாங்க. அப்புறம் நீ எனக்குக் கிடைக்க மாட்ட. யோசிச்சுக்கோ."

யோசிக்க என்ன இருக்கு? நான் வந்ததே அதுக்குத்தானே? யாராவது நீலப் பனியன விட்டுட்டு இடுப்ப ஆட்டிட்டு பைபாஸ்ல நடப்பாங்களா? வாலிபால்னா ஊரே பாக்கும். நான் நடந்தா மேடமும் ஆட்டோக்காரரும்தான் பாப்பாங்க.

அதுக்காக மேடம்கிட்ட போயி வர மாட்டேன்னு சொல்லவும்... சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் போனேன். அவங்க அப்போ கீழ உக்காந்து கோ-கோ பிள்ளைக்கு ஷூவுல பிஞ்சு போன அடிய ஒட்டிக்கிட்டு இருந்தாங்க, ரெண்டு கையிலயும் பசை. அந்த நேரத்துல எப்படிச் சொல்லுறது? பசை காயட்டும்னு வந்துட்டேன்.

இன்னைக்குக் காலையில எனக்கு இன்டர்னல் டெஸ்ட்டு. மேடம் சீக்கிரமே பாளையங்கோட்டைக்குப் போயிட்டாங்க, பேரு குடுத்து, பனியன்ல குத்துற நம்பர் துணி வாங்கணும்ல. எனக்கு இந்த முட்டைய மட்டும் சேர்மக்கனி அண்ணன்கிட்ட குடுத்துட்டுப் போயிருக்காங்க. அண்ணன் சுண்டலும் நீட்டினாரு. வேண்டாம்னுட்டேன். வயித்துல நின்னுரும்... இல்ல, நடக்கப் போறதில்லதான். சும்மா பழக்கத்துல வேண்டாம்னேன்.

கடவுளா பாத்து இந்தக் கேட்ட அடைச்சிருக்காரு அக்கா. நான் யாருகிட்டயும் பொய் சொல்ல வேண்டாம். வர மாட்டேன்னும் சொல்ல வேண்டாம். 'பஸ்ஸு கேட்டுல மாட்டிக்கிச்சு மேடம், மணி ஆயிருச்சு.' உள்ளதத்தானே சொல்லப் போறேன்? சாட்சிக்கு நீங்க இருக்கீங்க. மிக்ஸி இருக்கு.

ம்? ரயிலு வந்துருச்சா? கூட்ஸா? எம்மா, எவ்வளவு நீளம்! பாருங்க, நல்லா மெதுவா போகுது. போகட்டும், போகட்டும்.

இந்த ஜட்ஜுங்க பாத்தீங்களா, அவங்களயும் குத்தம் சொல்ல முடியாது. கண்ணால பாக்கிறதுதான், மெஷின் கிடையாது. எனக்கு முதல்ல மாசக்கணக்கா கால் காத்துலதான் நின்னுச்சு. மேடம் போன்ல வீடியோ எடுத்து மெதுவா ஓட்டிக் காட்டுவாங்க. அதுல நான் பறந்துட்டுப் போறேன். இப்பல்லாம் பறக்கிறதில்ல. போன வாரம் வீடியோவுல மேடம் எத்தன தடவ ஓட்டிப் பாத்தும் ஒரு இடத்துலகூட கால் தூக்கல. செல்போனப் பையில போட்டுட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாங்க. அன்னைக்கு ஒரு 'தரை'கூட இல்ல. என்னமோ போல இருந்துச்சு எனக்கு.

மஞ்சள் பனியன் போட்ட பொண்ணு ஒருத்தி வருவா, சாத்தூர் பக்கத்து காலேஜ். அவதான் போன வருஷம் ஜெயிச்சவ. நல்ல உயரம். ஆனா கடைசி ரெண்டு சுத்துல அவளுக்கு முட்டி மடங்கும். மாவட்டப் போட்டியில கூடவே நடந்து பாத்தேன்ல. அவ பின்னாலயே ஒட்டிட்டுப் போயி, அவளுக்கு சிவப்பு விழுந்து பயத்துல வேகத்தக் குறைக்கையில தாண்டினாப் போதும். எனக்கென்ன, தாண்டுறவங்க தாண்டட்டும். நானா போகப் போறேன்?

ஆ, கேட்டத் தூக்கிட்டாங்க.

ஏன் போகல? டிரைவர் அண்ணே! ஏன் போகல? அட, எட்டிப் பாருங்க அக்கா. அந்தப் பக்கம் வந்தவங்க ரோட்டு பூரா அடைச்சு நிக்காங்க, இந்தப் பக்கம் நம்ம ஆளுங்களும் ரோட்டு பூரா அடைச்சு நிக்காங்க. கேட்டு அடைச்சிருந்தப்போ ஒருத்தனாவது அவன் பக்கத்துல வரிசையா நின்னானா? இப்போ ரெண்டு பக்கமும் முட்டிக்கிட்டு நிக்குது. அந்த வைக்கோல் லாரி பின்னால போனாத்தான் கார் வர முடியும், கார் பின்னால போனாத்தான் நம்ம பஸ்ஸு போக முடியும். எவனும் பின்னால போக மாட்டான். பாருங்க, கண்டக்டர் இறங்கி பீடி பத்த வச்சிட்டாரு. அவரு பீடி பத்த வச்சிட்டா இது இப்போதைக்கு ஆகாதுன்னு அர்த்தம்.

நல்லதுதான். எனக்கு நல்லதுதானே.

மணி என்ன அக்கா? அவ்வளவுதான் ஆகுதா? நான் இதுக்குள்ள நாலாயிருக்கும்னு நெனச்சேன். சே.

நடந்து போறவங்க எல்லாம் ஓரமா தாண்டிப் போயிட்டே இருக்காங்க பாருங்க. இங்கருந்து போட்டி நடக்கிற கிரவுண்டு பக்கம்தான். அந்த வாட்டர் டேங்க் தெரியுதுல்ல, அதத் தாண்டினா வந்துரும். இந்த பஸ்ஸு போறதுக்குள்ள நான் நடந்தே போயிரலாம். சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லுதேன்.

போன் அடிக்குதா? ஆமா, என் போன்தான். மேடம்தான். எடுக்க மாட்டேன். எடுத்தா 'எங்க இருக்க, ஏன் லேட்டு, அறிவிருக்கா'ன்னு கத்துவாங்க. கத்தட்டும். கத்தினா எனக்கும் கோவம் வரும், கோவம் வந்தா நானும் நாலு வார்த்த பேசிருவேன், அதோட முடிஞ்சிரும். ஒரு வகையில அதான் நல்லது. ...நின்னுருச்சு. மெசேஜ் போட்டிருக்காங்க. வாய்ஸ் மெசேஜ். இருங்க, காதுல வச்சுக் கேக்கேன். எவ்வளவு திட்டுதாங்கன்னு பாப்போம்.

...

ஒண்ணுமில்ல.

ஒண்ணுமில்லங்கேன்ல. "இசக்கி, கேட்டுல மாட்டிருப்ப. பரவாயில்ல. நம்பர் துணி வாங்கிட்டேன், வேப்பமரத்துக்குக் கீழ இருக்கேன். பதட்டப்படாத. மெதுவா வா"ங்காங்க. பின்னால ஒரே சத்தம். கோ-கோ பிள்ளைங்க எல்லாம் வந்திருக்குங்க போல. பிரைட்சன் குரலும் கேக்குது. கைதட்டிப் பழகுதுங்களாம், கழுதைங்க. ஒரே தாளமா வர மாட்டேங்குதுன்னு சண்ட போடுதுங்க.

அதுங்க டவுன் பஸ்லதான் வந்திருக்கும். நின்னுட்டே.

மெதுவா வா! கேட்டீங்களா அக்கா? நடைப் போட்டிக்கு வாரவகிட்ட மெதுவா வாங்காங்க! இத்தன மாசம் விரட்டு விரட்டுன்னு விரட்டிட்டு, இன்னைக்கு வந்து மெதுவா வா. ஒரு பி.டி. பேசுற பேச்சா இது? நான் என்னைக்கு மெதுவா வந்திருக்கேன்? திட்டியிருந்தா நான் பாட்டுக்கு உக்காந்திருப்பேன். இதச் சும்மா விடக் கூடாது. நேர்ல போயிக் கேக்கணும்.

கொஞ்சம் காலத் தள்ளுங்க அக்கா, ஷூ மாட்டிக்கிடுதேன். இல்ல இல்ல, போட்டிக்காக இல்ல. பஸ்ஸுக்குள்ள ஒரே புழுக்கமா இருக்கு, கீழ இறங்கி நிக்கலாம்னு பாக்கேன். செருப்போட இறங்கினா ரோட்டுல மண்ணு. ஆமா, நீலப் பனியன் கிடைக்காதுதான். அது கிடக்கு. அது வேற பேச்சு. இப்போ புழுக்கத்தப் பத்தில்லா பேசிட்டு இருக்கோம்?

அண்ணே, வழி விடுங்க. இறங்கணும்.

அக்கா, ஜன்னல்கிட்ட வாங்க! அந்த முட்டைய எடுத்துத் தாங்க. ஆமா, ஜார்ல இருக்கிற முட்டைதான். பையனுக்கு வேற வாங்கிக் குடுங்க, கோவிச்சுக்காதீங்க. இது அவங்க குடுத்தது. இப்போ சாப்பிட மாட்டேன், நெஞ்சக் கரிக்கும். முடிச்சிட்டுத்தான் சாப்பிடணும்.

என்னது? ஓடவா? நல்லா இருக்கே! ஓடக் கூடாது அக்கா.

இங்க ரோட்டுல எந்த ஜட்ஜு வந்து அட்டையக் காட்டப் போறாருன்னா கேக்கீங்க? ஒருத்தரும் காட்ட மாட்டாங்க. அந்த லாரிக்காரர் காட்டுவாரா? மாட்டாரு.

அதுக்காக?